எந்த மருந்தை அடிப்பது?

கேள்வி



நாங்கள் கொடகவெலப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். எனக்குக் கொழுந்து வேலை. வீட்டுக்காரர் இறப்பர் பால் வெட்டுகிறார். லயத்துக்குப் பின்னால், பழைய இறப்பர் மலையை வெட்டித் துப்புரவாக்கிய இடத்தில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதில் மரவள்ளி, கொய்யா, ஜம்பு, கொஞ்சம் வாழை வைத்திருக்கிறோம். நாலு வருசத்துக்கு முன் என் தம்பி நுவரெலியாவுக்குப் போய் வரும்போது இரண்டு அப்பிள் ஒட்டுக்கன்று கொண்டுவந்து தந்தான். பிள்ளைகள் ஆசையாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள்.

இரண்டும் நன்றாகத்தான் வந்தன. போன வருசம் மே மாத மழைக்குப் பிறகு ஒன்று திடீரென்று மஞ்சளாகி, இரண்டு கிழமையில் இலையெல்லாம் தொங்கிச் செத்துப் போனது. அதற்குப் பக்கத்தில் நின்ற மரவள்ளியிலும் இரண்டு மூன்று வாடிவிட்டது. மற்ற மரம் என்னைவிட உயரம். ஆனால் இலையில் மண்ணிறப் புள்ளி விழுந்து, பழுத்து, கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு கிளை நுனியிலிருந்து காய்ந்து வருகிறது. அதற்கு நேர் கீழே தரையில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய செம்மண் நிற உருண்டைகள் கிடக்கின்றன. இன்றுவரை ஒரு பூக்கூட இல்லை. லயத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

கொய்யாவும் ஜம்புவும் நிறையக் காய்க்கின்றன. பழுக்கிற நேரம் வெட்டிப் பார்த்தால் உள்ளே புழு. வீட்டுக்காரர் யாரிடமோ சொல்லி ஒரு சோடாப் போத்தலில் மருந்து வாங்கி வந்து வைத்திருக்கிறார். பெயர் ஒன்றும் இல்லை. தண்ணீரில் கலந்தால் பாலாக மாறுகிறதாம். அதை எல்லா மரத்துக்கும் அடிக்கலாமா? இல்லாவிட்டால் எந்த மருந்தை அடிப்பது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர், கொடகவெல


பதில்

தங்கச்சி, அந்தச் சோடாப் போத்தலை எந்த மரத்துக்கும் அடிக்க வேண்டாம். முதலில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில், சாப்பாட்டுச் சாமான் இல்லாத இடத்தில் வையுங்கள். பிறகு, யாரிடம் வாங்கினாரோ அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கானிலோ ஓடையிலோ ஊற்றக் கூடாது. அந்தத் தண்ணீர் கீழே இன்னொரு லயத்துக்குக் குடிநீராகப் போகும்.

தண்ணீரில் பாலாக மாறுகிறது என்பதை வைத்து அது என்ன மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணெய்த் தன்மையுள்ள கரைசலாகச் செய்த பூச்சிமருந்தும் அப்படித்தான் ஆகும், சில களைநாசினியும் அப்படித்தான் ஆகும். களைநாசினியாக இருந்தால் மிஞ்சியிருக்கிற அப்பிளும் போய்விடும். பழைய கையிருப்பாக இருந்தால் கதை இன்னும் மோசம். பழ ஈக்கு ஒரு காலத்தில் இங்கே தாராளமாக அடித்த பென்தியன், அதோடு டைமெதோயேட், பரகுவாட் மூன்றையும் 2008இல் தொடங்கி 2011க்குள் படிப்படியாக நாட்டிலிருந்து விலக்கினார்கள். கிராமத்திலும் தோட்டத்திலும் நஞ்சால் போன உயிர்கள்தான் அதற்குக் காரணம். பெயர் இல்லாத போத்தலில் இருப்பதைப் பிள்ளைகள் தின்னும் கொய்யாவில் தெளித்தால், எத்தனை நாள் கழித்துப் பழத்தைப் பறிக்கலாம் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இந்த நாட்டில் பதிவில்லாமல் பீடைநாசினி விற்பது குற்றம். லேபல் இல்லாத மருந்தைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காமல் திரும்பி வருகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நீங்கள் கேட்டது ஒரு மருந்தின் பெயர். ஆனால் உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் தரம் வாசித்தபோது, அதற்குள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பல பிரச்சினைகள் தெரிந்தன. அதில் பாதிக்கு மருந்தே கிடையாது. மீதிக்கு மண்வெட்டியும் கத்தியும் பழைய பத்திரிகைத் தாளும் போதும். நீங்கள் நன்றாகக் கவனித்து எழுதியிருப்பதால் எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. அந்த உருண்டைகளையும் வாடிய மரவள்ளியையும் பலபேர் எழுதியே இருக்கமாட்டார்கள்.

செத்துப்போன மரத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது.

பழைய இறப்பர் நிலம், மழைக்குப் பிறகு திடீர்ச் சாவு, பக்கத்து மரவள்ளியும் வாடியது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் வெள்ளை வேர் நோய். உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பால் வெட்டுகிறவருக்கு அந்த நோய் புதிதாக இருக்காது. மண்ணுக்குள் விட்டுப்போன இறப்பர் அடிக்கட்டையிலும் வேர்த்துண்டிலும் அந்தப் பங்கசு வருசக்கணக்காக உயிரோடு இருக்கும். புதிதாக வைத்த கன்றின் வேர் வளர்ந்துபோய் அந்தக் கட்டையைத் தொட்டதும் அதில் ஏறிக்கொள்ளும். இறப்பர் மட்டுமல்ல, பலா, ஈரப்பலா, தூரியன், றம்புட்டான், கறுவா என்று எத்தனையோ மரத்தை அது பிடிக்கும். மரவள்ளி அதற்கு மிகவும் பிடித்தமானது. எங்கே மண்ணுக்குள் நோய் இருக்கிறது என்று மரவள்ளி முதலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். மேலே இலை மஞ்சளாகிறபோது கீழே வேர் ஏற்கெனவே அழுகி முடிந்திருக்கும். அதனால்தான் உங்களுக்கு அது இரண்டு கிழமையில் நடந்த சாவாகத் தெரிந்தது. உண்மையில் மாதக்கணக்காக நடந்த சாவு அது.

சந்தேகத்தைத் தீர்க்க, செத்த மரத்தின் அடியைத் தோண்டுங்கள். வேரின் மேல் வெள்ளை நூல்கள் வலையாகப் படர்ந்து, வேரோடு இறுக ஒட்டியிருந்தால் அதுதான். மழைக்காலத்தில் பழைய கட்டைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத்தில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருந்தாலும் அதுதான். அப்படியென்றால் மரத்தை வேரோடு எடுங்கள். பென்சில் பருமனுள்ள வேர்வரை தேடிப் பொறுக்குங்கள். அகப்படுகிற இறப்பர்க் கட்டையையும் சேர்த்துக் கிளப்பி, வெயிலில் காயவைத்து எரித்துவிடுங்கள். மிஞ்சிய அப்பிளுக்கும் அந்தக் குழிக்கும் நடுவே இரண்டடி ஆழத்துக்கு ஒரு கான் வெட்டினால் வேர் வேரைத் தொடுவது நிற்கும். அந்தக் கானில் விழும் குப்பையை அவ்வப்போது வாரிவிட வேண்டும். அது தூர்ந்துபோனால் வெட்டியதில் பயனில்லை. குழி இருந்த இடத்தில் கொஞ்ச வருசத்துக்கு மரம் வைக்காதீர்கள், மரவள்ளியும் வேண்டாம். புல்லோ கீரையோ போடலாம்.

கொய்யாவுக்கும் ஜம்புவுக்கும் நோய் வந்திருக்கிறதா என்று பார்க்க இறப்பர்க்காரர்களின் பழைய முறை ஒன்று உண்டு. மரத்தின் அடியைச் சுற்றிக் காய்ந்த இலைதழையைக் குவித்து ஈரமாக வைத்து, இரண்டு மூன்று கிழமை கழித்து விலக்கிப் பாருங்கள். நோய் இருந்தால் அடித்தண்டில் வெள்ளை நூல் ஏறியிருக்கும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் வேரைத் திறந்து கந்தகமோ அதற்கென்று உள்ள பங்கசுநாசினியோ இடலாம். அதன் அளவையும் பெயரையும் அகலவத்தை டாட்டன்பீல்டில் இருக்கும் இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் சிபாரிசுப்படிதான் எடுக்க வேண்டும். தோட்டத்து உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார்.

இப்போது அந்த உருண்டைகள். எழுதியிருந்தீர்களே, காய்கிற கிளைக்கு நேர் கீழே என்று. நுனியிலிருந்து காய்ந்து வரும் அந்தக் கிளையில் விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். உள்ளே இருப்பது செந்நிறப் புழு ஒன்று, அந்துப்பூச்சியின் குஞ்சு. தேயிலையிலும் கோப்பியிலும் கிளையைத் துளைக்கிற அதே செம்புழுதான். கொழுந்து எடுக்கும்போது ஒரு வாது மட்டும் தனியாக வாடி நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தண்டின் நடுவைத் தின்றுகொண்டே போய், எச்சத்தை உருண்டையாக்கி ஓட்டை வழியே வெளியே தள்ளிவிடும். உள்ளே இருக்கிறவனுக்கு வெளியே எதை அடித்தும் பயனில்லை.

ஓட்டைக்குக் கீழே கிளையை வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுவே துளை தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கீழே வெட்டுங்கள். துளை இல்லாத நல்ல மரம் தெரியும்வரை இறங்க வேண்டும். வெட்டிய கிளையைப் பிளந்து புழுவைக் கண்ணால் கண்டு கொன்றால்தான் வேலை முடிந்தது. கிளையை வேலியோரம் எறிந்தால் அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, அந்தாகி, மறுபடி உங்கள் மரத்துக்கே வரும். அடிமரத்திலேயே ஓட்டை இருந்தால் வெட்ட முடியாது. சைக்கிள் கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்தி இழுத்து, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

இலைப்புள்ளி இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள். அப்பிள் இலையைப் புள்ளிவிழச் செய்து கொட்டவைக்கிற பங்கசுகள் பல உண்டு. கையில் இலையில்லாமல் இன்னதென்று பெயர் சொல்ல நான் சாத்திரக்காரன் அல்ல. எதுவானாலும் அவற்றுக்கு வேண்டியது ஒன்றுதான்: இலை நெடுநேரம் ஈரமாக இருப்பது. காஷ்மீரிலும் ஹிமாசலப் பிரதேசத்திலும் அப்பிள்காரர்கள் இலைநோய்க்குப் பருவம் முழுக்கத் தெளிக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் குளிர்காலத்தில் மரம் மொட்டையாக நிற்கும், நோய்க்கும் ஓர் இடைவெளி வரும். உங்கள் பக்கம் மரம் மொட்டையாவதும் இல்லை, மழை முழுசாக விடுவதும் இல்லை. பங்கசுக்கு வருசம் பூராவும் சாப்பாடு.

தேயிலைக்காரர்களுக்குச் செம்பு மருந்து தெரியும். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்ததிலிருந்து மலைநாட்டில் தலைமுறை தலைமுறையாக அதைத் தெளித்து வருகிறார்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய செம்பு மருந்து போர்தோக் கலவை. பிரான்சின் போர்தோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் 1880களில் பிறந்தது. பத்து லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் பாதிப்பாதித் தண்ணீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலுக்குள் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. பளபளப்பான கத்தி ஒன்றை ஒரு நிமிடம் அதில் வைத்து எடுங்கள். கத்தியில் சிவப்பாகச் செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். அன்று கலக்கியதை அன்றே முடித்துவிட வேண்டும்.

ஆனால் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்த அப்பிளுக்கு அந்தச் செலவைச் செய்ய வேண்டாம் என்பேன். அப்பிளின் இளம் இலைக்குச் செம்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. ஈரமான காலநிலையில் இலையையே சுட்டுவிடும். கொட்டிய இலைகளை வாரி எரியுங்கள். உள்ளே குறுக்கும் மறுக்குமாக ஓடும் வாதுகளைக் கவாத்து வெட்டிக் காலை வெயில் விழும்படி செய்யுங்கள். அவ்வளவே போதும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், பூ இல்லை என்ற உங்கள் குறை நோயால் வந்தது அல்ல.

அப்பிள் குளிர்நாட்டு மரம். பழைய பெரிய இனங்களுக்குக் குளிர்காலத்தில் 7 பாகை செல்சியஸுக்குக் குறைவான குளிர் மொத்தம் 800 முதல் 1000 மணித்தியாலம் வரை வேண்டும். அந்தக் கணக்கு நிறைந்தால்தான் மொட்டு உறக்கம் கலைந்து ஒழுங்காகப் பூக்கும். இஸ்ரேலில் உண்டாக்கிய ‘அன்னா’, பஹாமாஸ் தீவிலிருந்து வந்த ‘டோர்செட் கோல்டன்’ போன்ற இனங்களுக்கு அதில் மூன்றிலொரு பங்கோ அதைவிடக் குறைவோ போதும். ஹிமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி தன் நிலத்தில் கண்டெடுத்து வளர்த்த ‘எச்.ஆர்.எம்.என்-99’ இனம் இந்தியச் சமவெளிகளில் 40 பாகைக்கு மேற்பட்ட கோடை வெயிலையும் தாங்கிக் காய்க்கிறது. அந்தச் செய்தியைக் காட்டித்தான் இங்கேயும் பலர் கன்று விற்கிறார்கள். வட இந்தியச் சமவெளியில் டிசம்பர், ஜனவரி இரவுகள் எப்படி நடுக்கும் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்ந்த மலைகளில் இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கினாலே அபூர்வம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் பேரிக்காய் காய்க்கிறது, சில தைமாதங்களில் உறைபனியும் விழுகிறது. தம்பி அங்கே கண்ட மரம் வேறு வானத்தின் கீழ் நிற்கிறது.

வெப்ப நாட்டில் அப்பிளே கிடையாது என்றும் சொல்ல முடியாது. இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் கிழக்கே பாத்து என்ற மலையூரில் அப்பிள் வியாபாரமே நடக்கிறது. அங்கே குளிர்காலம் இல்லை. அதனால் அறுவடை முடிந்ததும் ஆட்களை விட்டு மரத்தின் இலையெல்லாவற்றையும் கையால் உருவி எடுத்துவிடுகிறார்கள். மரம் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகுமுன் மொட்டுகள் கிளம்பிப் பூக்கின்றன. வருசத்துக்கு இரண்டு போகம். குளிர் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்கிறது. கொழுந்து பறித்த கைக்கு அது ஒன்றும் பெரிய வேலையில்லை.

பாத்து 800 மீற்றருக்கு மேலே இருக்கிறது, கொடகவெல அதற்கு வெகு கீழே. ஆகவே நம்பிக்கை கொடுக்கமாட்டேன். ஆனால் காசு செலவில்லாத வேலை என்பதால், புழுவை எடுத்து மரம் தேறி ஒரு வருசம் போன பிறகு, தை மாசி மாத வெயில் காலத்தில் ஒருமுறை இலையை உருவி, மேலே நிமிர்ந்து போகும் கிளைகளைக் கயிறு கட்டிச் சரித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பூவையாவது காட்டலாம். அதற்கு மேல் அந்த மரத்துக்குப் பசளையோ மருந்தோ வாங்காதீர்கள்.

அந்தக் காசும் கவனமும் போக வேண்டிய இடம் உங்கள் கொய்யாவும் ஜம்புவும். அவற்றுக்குள் இருப்பது பழ ஈயின் புழு. இலங்கையில் வீட்டுத்தோட்டம் என்றால் பழ ஈயோடுதான் முக்கால்வாசிப் போர். உலகத்துக்கே நாம் ஏற்றுமதி செய்த பூச்சி என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 2003இல் கென்யாவில் மாம்பழத்தைத் தாக்கிய ஒரு புது ஈ கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பூர்வீகத்தைத் தேடினால் அடையாளம் இலங்கைக்கு வந்து நின்றது. 2005இல் அதற்குப் புதுப்பெயர் வைத்தார்கள். 2015இல், அது ஆசியாவில் ஏற்கெனவே எல்லாரும் அறிந்த கீழைநாட்டுப் பழ ஈயேதான் என்று முடிவாகி அந்தப் பெயரும் போனது. அதற்குள் ஆபிரிக்காவில் பல நாடுகளின் மாம்பழ வியாபாரத்தைக் கெடுத்துவிட்டது.

பழ ஈ வீட்டு ஈயைவிடச் சற்றே பெரிது, இடுப்பு ஒடுங்கி, முதுகில் மஞ்சள் கோடுகளோடு, பார்வைக்குக் குளவி மாதிரி இருக்கும். பெண் ஈ முற்றி வருகிற காயின் தோலைக் குத்தி முட்டையிடும். நீங்கள் வெட்டிப் பார்க்கும்போது புழு உள்ளே இருப்பது அதனால்தான். வெளியே ஊசிக்குத்துப் போல் ஒரு புள்ளியும் சுற்றிக் கொஞ்சம் மென்மையும் மட்டும் இருக்கும். புழு ஒரு கிழமைக்கு மேல் தின்று முடித்ததும் பழம் கீழே விழும். புழு பழத்தை விட்டுத் துள்ளி வெளியேறி, மண்ணுக்குள் இரண்டு அங்குலம் போய்க் கூட்டுப்புழுவாகும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஈயாக வெளியே வரும். ஒரு பெண் ஈ தன் ஆயுளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடக்கூடியது. கீழே விழுந்து அழுகுகிற ஒரு கொய்யாப்பழத்தை யாரும் பொறுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

ஆகவே, விழுந்த பழம் ஒன்றுகூட மாலைவரை தரையில் கிடக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். பொறுக்கிய பழத்தைக் குப்பைமேட்டில் கொட்டினால் ஈயை நாமே வளர்ப்பதாகிவிடும். கிழிசல் இல்லாத கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, ஒரு கிழமை வெயிலில் போடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் வெந்து சாகும். வெயில் இல்லாத மழைநாளில் இரண்டடி ஆழத்தில் புதைக்கலாம். அதைவிட மேலாகப் புதைத்தால் ஈ மண்ணைக் கிளறிக்கொண்டு வந்துவிடும். மரத்தடியை லேசாகக் கொத்திவிட்டுக் கோழியை மேயவிட்டால் கூட்டுப்புழுக்களை அது பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது உறை. கொய்யா எலுமிச்சம்பழ அளவு வந்ததும் இரண்டு மடிப்புப் பத்திரிகைத் தாளால் பைசெய்து காம்போடு கட்டிவிடுங்கள். ஜம்புவின் தோல் மெல்லியது. அதனால் பூவின் முடி உதிர்ந்ததுமே கொத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பொலித்தீன் பை உங்கள் பக்கத்து மழைக்கு ஆகாது, உள்ளே வியர்த்துப் பழம் அழுகும். வேறு வழியில்லாமல் பொலித்தீன் போட்டால் கீழ் மூலைகளை வெட்டித் தண்ணீருக்கு வழி விடுங்கள். உயரக் கிளையெல்லாம் கட்ட ஏலாது. கைக்கு எட்டும் உயரத்தில் மரத்தைக் கவாத்து வெட்டி வைத்திருப்பதன் பலன் இங்கேதான் தெரியும்.

கடையில் விற்கும் பொறியைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். போத்தலுக்குள் மெதைல் யூஜினோல் என்ற வாசனைச் சரக்கு இருக்கும். துளசி இலையிலும் அது இருக்கிறது. கசக்கிய துளசிக்கு ஈ வருவதன் காரணம் அதுதான். நாலு நாளில் போத்தல் நிறைய ஈ விழும். பார்க்கச் சந்தோசமாக இருக்கும். ஆனால் விழுந்ததெல்லாம் ஆண் ஈ. பழத்தைக் குத்துவது பெண். ஓர் ஆண் தப்பினாலும் பல பெண்களோடு சேரும் என்பதால், ஒரு வீட்டில் ஒரு பொறி தொங்கினால் உங்கள் கொய்யாவில் புழு குறையாது. இந்தச் சரக்கு எங்கே வென்றது தெரியுமா? பசிபிக் சமுத்திரத்தில் றோட்டா என்று ஒரு சிறு தீவு. 1960களில் அங்கே இந்த வாசனையும் நஞ்சும் ஊறிய பலகைத் துண்டுகளைத் தீவு முழுக்க விமானத்திலிருந்து போட்டார்கள். ஆண் ஈ ஒன்றுகூட மிஞ்சாமல் அந்த இனமே அங்கே அற்றுப்போனது. முழுத் தீவிலும் ஒரே நேரத்தில் செய்ததால் பலித்தது. உங்களுக்கு லயம்தான் தீவு. சுற்றிலும் கடல் இல்லாததால் ஈயை ஒழிக்க முடியாது, குறைக்க முடியும். பத்து வீடும் சேர்ந்து பழம் பொறுக்கி, பத்து வீட்டிலும் பொறி தொங்கினால் இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும். ஒரு வீடு பொறுக்காமல் விட்டால் அந்த வீட்டு ஈ மற்ற ஒன்பது வீட்டுக்கும் விருந்தாளி. கோயில் கமிட்டியோ மாதர் சங்கமோ இருந்தால் அங்கே பேசிப் பாருங்கள். அப்பிளுக்குச் சிரித்தவர்கள் கொய்யாவுக்குக் கூடுவார்கள். எல்லார் வீட்டிலும் புழுதானே.

பெண் ஈயைப் பிடிக்கப் புரத இரை என்று ஒன்று இருக்கிறது. முட்டை வளர அதற்குப் புரதம் தேவை என்பதால் தேடிவரும். அதில் கொஞ்சம் பூச்சிமருந்து கலந்து, மரம் முழுக்க அல்லாமல் இலையின் அடிப்பக்கத்தில் அங்கங்கே திட்டாகத் தெளிப்பார்கள். பழத்தில் படக் கூடாது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் சொல்லும் மருந்தை மட்டும், அவர் சொல்லும் அளவில் பாவியுங்கள். பாகலுக்கும் பூசணிக்கும் வருவது வேறு பழ ஈ என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதற்கு மெதைல் யூஜினோல் பொறி வேலை செய்யாது.

மரம் முழுக்கப் பூச்சிமருந்து அடிப்பதை நான் ஏன் இவ்வளவு தடுக்கிறேன் என்பதற்குப் பப்பாசியின் கதை ஒன்று போதும். 2008இல் மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வெண்பஞ்சுப் பூச்சி இலங்கையில் பப்பாசியையும் மரவள்ளியையும் வெள்ளையாக மூடிவிட்டது. அதே ஆண்டு கோயம்புத்தூரிலும் அது தென்பட்டது. மெழுகு மூடிய பூச்சி என்பதால் அடித்த மருந்தெல்லாம் வழுக்கி ஓடியது. 2009இல் புவர்ட்டோ றிக்கோவிலிருந்து எறும்பைவிடச் சிறிய ஒரு குளவியைத் தருவித்து விட்டார்கள். அது அந்தப் பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு, கொஞ்ச மாதத்தில் தொல்லையை அடக்கிவிட்டது. இன்றைக்கும் உங்கள் நிலத்தில் அந்தக் குளவி பறந்துகொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சோடாப் போத்தல் மருந்துக்கு முதலில் சாவது அதுதான். ஜம்பு மரத்தில் இலையை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு எறும்பையும் கொளுத்தாதீர்கள். அது நடமாடும் மரத்தில் பழ ஈ நிம்மதியாக உட்கார்ந்து முட்டையிட முடியாது. தோட்டத்தைக் காக்க எலுமிச்சை இன மரங்களில் அதை வாங்கிவிடும் வழக்கம் சீனாவில் பதினேழு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. பழம் பறிக்கும்போது கடிக்கும், வெண்பஞ்சுப் பூச்சியைச் சில வேளை அதுவே வளர்க்கவும் செய்யும். குறையில்லாத காவல்காரன் எங்கே கிடைக்கிறான்?

பிள்ளைகளுக்குப் புது மரம் வைக்க ஆசையென்றால், நோய்க்குழியிலிருந்து தள்ளி ஓர் ஒட்டு றம்புட்டான் வையுங்கள். ஈரமும் வெக்கையும் அதற்குத் தாய்வீடு. விதையில் முளைத்த கன்று வாங்காதீர்கள். ஆண் மரமாகப் போனால் வாழ்நாளெல்லாம் பூக்கும், காய்க்காது. வைக்கிற குழியை மூன்றடிக்குத் தோண்டி, பழைய இறப்பர் வேர் ஒன்றும் இல்லை என்று பார்த்த பிறகே நடுங்கள்.

நான் சொன்னதெல்லாம் கடிதத்தைப் பார்த்துச் சொன்னது. நிச்சயப்படுத்த விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கலாம். அல்லது கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காணலாம். போகும்போது புள்ளி விழுந்த இலை நாலைந்தும் செத்த மரத்தின் வேர்த்துண்டு ஒன்றும் கொண்டுபோங்கள். இலையில் நல்ல பச்சையும் புள்ளியும் சேர்ந்திருக்க வேண்டும், முழுதாகக் காய்ந்த இலையில் ஒன்றும் தெரியாது. பொலித்தீன் பையில் போட்டால் பஸ்ஸிலேயே அவிந்து போகும், பத்திரிகைத் தாளில் சுற்றுங்கள். வேரைக் கழுவாமல் மண்ணை மட்டும் உதறிவிட்டு எடுத்துப் போங்கள். அவர் பார்க்க வேண்டியது அந்த வெள்ளை நூலைத்தான்.